எந்தப் பாங்கு? எந்தக் கணக்கு?

(நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் கம்பனின் கவிநயத்தையும் வள்ளுவரின் அறநெறியையும் அறிஞர்கள் பேசக் கேட்டு மகிழ்ந்தவர்கள் தாங்கள். இன்று அதே மேடையில் பாங்குக் கணக்கைப் பற்றிப் பேச எங்களை அழைத்திருக்கிறார்கள். நாங்கள் பொருளாதாரம் கற்றவர்கள் அல்லோம். ரயில்வே அலுவலகத்தில் சம்பளப் பட்டியலும், ஓய்வு பெறுவோர்க்கும் மறைந்தோர் குடும்பத்துக்கும் சேரவேண்டிய தொகைகளின் தாள்களும் எழுதுகின்ற குமாஸ்தாக்கள். ஆயினும் அந்தத் தாள்களின் வழியே பல குடும்பங்களின் வரவு செலவை, முக்கியமாக அவற்றின் துன்ப காலத்தை, மிக அருகிலிருந்து கண்டிருக்கிறோம். அந்த அனுபவம் ஒன்றே இங்கே பேச எங்களுக்குள்ள தகுதி.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்களுடன் பணியாற்றிய நண்பர் ஒருவர் மாரடைப்பால் திடீரென மறைந்தார். சிக்கனமானவர். வெற்றிலை பாக்குக்குக்கூட வீண்செலவு செய்யாதவர். மனைவியும், பள்ளியில் படிக்கும் இரண்டு பெண் குழந்தைகளும் இந்த நாகபுரியில் அவரையே நம்பி இருந்தார்கள். ஈமக்கடன்கள் முடிந்த பின்னர் அந்த அம்மையாருடன் நாங்கள் இருவர் பாங்குக்குச் சென்றோம். சம்பளக் கணக்கிலே பணம் இருந்தது. அதே பாங்கில் வைப்பு நிதியாகவும் நல்லதொரு தொகை இருந்தது. ஆனால் கணக்கு அவர் ஒருவர் பெயரில் மட்டுமே இருந்தது. நாமினி என்னும் கட்டம் காலியாகக் கிடந்தது.

பாங்குக்காரர்கள் இனிமையாகவே பேசினார்கள். ஆனால் விதி விதிதானே! இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, வாரிசுகள் அனைவரின் கையொப்பம், ஜாமீன் பத்திரம் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்கள். வாரிசுச் சான்றுக்குத் திருநெல்வேலிச் சீமையிலுள்ள அவர் ஊர்த் தாலூகா அலுவலகத்துக்குப் போக வேண்டியதாயிற்று. மகனுடைய சொத்தில் தாய்க்கும் பங்கு உண்டு அல்லவா? ஆகையால் நடக்கமாட்டாத அந்தத் தாயாரும் கையெழுத்திட வேண்டியிருந்தது. ரயில்வேயிலிருந்து சேரவேண்டிய தொகைகளை எந்தக் கணக்குக்கு அனுப்புவது என்று கேட்டால், அந்த அம்மையாருக்கென்று ஒரு கணக்குமே இல்லை. எல்லாம் முடிய ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஐந்து மாதங்களும் வீட்டுச் செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இக்காலனி அன்பர்கள் கைகொடுத்தார்கள். அவர் சேர்த்த பணம் பாங்கிலே வட்டியுடன் வளர்ந்துகொண்டிருந்தது. அவர் குடும்பமோ கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாலை நாங்கள் அலுவலகத்தில் அவரவர் பாஸ் புத்தகத்தை எடுத்துப் பார்த்தோம். எங்களுள் நால்வருக்கு நாமினி இல்லை! பிறருடைய தாள்களில் நாள்தோறும் நாமினியின் பெயரை எழுதுகின்ற நாங்களே எங்கள் கணக்கைக் கவனிக்கவில்லை.

ஆகவே இன்று நாங்கள் சொல்ல விரும்புவது ஒன்றுதான். சம்பாதிப்பவருடைய சௌகரியத்துக்காக மட்டும் பாங்கையும் கணக்கையும் தேர்ந்தெடுத்தல் ஆகாது. அவர் இல்லாத நாளிலே அந்தப் பாங்கின் வாசலில் போய் நிற்க வேண்டியவர் யாரோ, அவருடைய சௌகரியத்தைக் கருதியே தேர்ந்தெடுத்தல் வேண்டும். சொந்த ஊரை விட்டு, சுற்றத்தை விட்டு, மொழி வேறான நகரத்தில் வாழ்கின்ற நம்மைப் போன்றோர்க்கு இது இரு மடங்கு அவசியம்.

பணம் பத்திரமாக இருக்குமா?

முதற் கேள்வி பத்திரம். நம்மில் அநேகர், "இது நம்மவர் பாங்கு, நம் ஊர்ப் பாங்கு" என்ற பாசத்தினால் கணக்கு வைக்கிறோம். பாசம் நல்லதுதான். தமிழ்நாட்டிலே பாங்குத் தொழிலுக்குப் பெருமை வாய்ந்த சரித்திரம் உண்டு. 1906-ஆம் ஆண்டில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்னும் ஆங்கிலேயரின் பாங்கு முறிந்து, எண்ணற்ற குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்தன. அந்தத் துயரத்திலிருந்துதான், வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால், 1907-இல் இந்தியன் பாங்கு பிறந்தது. 1865-இல் தோன்றிய அலகாபாத் பாங்கு 2020-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி இந்தியன் பாங்குடன் இணைக்கப்பட்டது. அதன் பயனாகச் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாங்கு ஒன்று வடக்கே எத்தனையோ ஊர்களில் கிளை பரப்பி நிற்கக் காண்கிறோம்.

ஆனால் பாசம் வேறு, பாதுகாப்பு வேறு. 1926-இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் பாங்கும் நம்மவர் பாங்குதான். 2020-ஆம் ஆண்டு நவம்பர் 17-ஆம் தேதி அதன்மீது தடை விதிக்கப்பட்டது. கணக்கு வைத்திருந்தோர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க இயலவில்லை. பத்தே நாளில், நவம்பர் 27-ஆம் தேதி, அது டி.பி.எஸ். பாங்கு இந்தியாவுடன் இணைக்கப்பட்டதால் வைப்பாளர் பணம் தப்பியது. அதற்கு முந்திய ஆண்டு, 2019 செப்டம்பரில், பம்பாயைத் தலைமையிடமாகக் கொண்ட பஞ்சாப் மகாராஷ்டிரக் கூட்டுறவு பாங்கின் வைப்பாளருக்கு முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க அனுமதி கிடைத்தது. வரம்பைப் பின்னர் சிறுகச் சிறுக உயர்த்தினார்கள். அந்த பாங்கு வேறொரு பாங்குடன் இணைக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். பெருந்தொகை வைத்திருந்தோர் அதன் பின்னும் காத்திருக்க நேர்ந்தது.

இத்தகைய ஆபத்துக்காகவே வைப்புக் காப்பீடு என்னும் ஏற்பாடு உள்ளது. 1960-இல் கேரளத்தில் பாலை மத்திய பாங்கு முறிந்தபோது எழுந்த கலக்கத்தின் விளைவாக, 1962-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அது நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒருவருக்கு 1,500 ரூபாய் வரைதான் காப்பு. 1993 முதல் ஒரு லட்சம். 2020-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதியிலிருந்து அது 5 லட்சமாக உயர்ந்தது. இதிலே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, 5 லட்சம் என்பது முதலும் வட்டியும் சேர்ந்த தொகை. இரண்டாவது, ஒரே பாங்கின் நான்கு கிளைகளில் நான்கு கணக்கு வைத்தாலும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டித்தான் பார்ப்பார்கள். வேறு பாங்கில் வைத்தால் அதற்குத் தனிக் காப்பு உண்டு. ஓய்வு பெறும்போது மொத்தமாக வருகின்ற பணத்தை ஒரே பாங்கில் கொட்டி வைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும். மூன்றாவது, இந்தக் காப்பு பாங்குகளுக்கு மட்டுமே உரியது. நகரக் கூட்டுறவு பாங்குகள் இதில் அடங்கும். ஆனால் கூட்டுறவுக் கடன் சங்கங்கள் அடங்கா. ஊழியர்கள் நடத்தும் சங்கமாயினும், தெருமுனையில் கண்ணைப் பறிக்கும் பெயர்ப்பலகை மாட்டிய சங்கமாயினும், அவற்றில் போடும் பணத்துக்கு இந்தக் காப்பீடு கிடையாது. உறுப்பினராக இருந்து கடன் பெறுவது வேறு. ஆயுட்காலச் சேமிப்பை அங்கே வைப்பது வேறு. பதிவு பெறாத சீட்டைப் பற்றி இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை. பட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள்.

தபாலாபீஸை மறந்துவிடலாகாது. தபாலாபீஸ் சேமிப்புக் கணக்கில் உள்ள தொகை முழுவதற்கும் மத்திய அரசாங்கமே பொறுப்பு. அதற்கு 5 லட்சம் என்ற வரம்பு இல்லை. 500 ரூபாய் இருப்பு வைத்தால் போதும். வட்டி நூற்றுக்கு 4. பெரிய பாங்குகள் பலவற்றின் சேமிப்புக் கணக்கு வட்டியைவிட இது அதிகம்.

எந்தப் பணத்துக்கு எந்தக் கணக்கு?

கணக்கின் வகைகளை அறிய வேண்டுமாயின், வீட்டிலே அரிசி வைக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். இன்றைய உலைக்குப் படியிலே எடுத்து வைக்கிறோம். இம்மாதத்துக்கு டின்னிலே வைக்கிறோம். ஆண்டு முழுமைக்கும் மூட்டையிலே வைக்கிறோம். மூட்டையைப் பிரித்து அடுப்படியில் வைப்பாரும் இல்லை. படியரிசியைத் தைத்து மூலையில் போடுவாரும் இல்லை. பணமும் அப்படியே.

அன்றாடச் செலவுக்குரியது சேமிப்புக் கணக்கு. வேண்டும்போது எடுக்கலாம், வட்டி குறைவு. இதைப் பற்றி ஒரு பழைய வழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் பெரியவர்கள் சிலர் இன்றும் மாதம் 10-ஆம் தேதிக்குள் பணத்தைக் கட்டிவிட வேண்டும் என்று பாங்குக்கு ஓடுகிறார்கள். முன்னாளில் 10-ஆம் தேதியிலிருந்து மாத முடிவு வரை இருந்த மிகக் குறைந்த இருப்புக்கே வட்டி தந்தார்கள். ஆகையால் அந்த ஓட்டத்தில் அர்த்தம் இருந்தது. 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடப்படுகிறது. வெயிலில் ஓட வேண்டாம், தாத்தா அவர்களே!

அடுத்தது வைப்பு நிதி. குறித்த காலம் வரை எடுக்காமல் வைக்கும் பணத்துக்குக் கூடுதல் வட்டி. ஒரு கணக்குப் பாருங்கள். 60,000 ரூபாய் ஓர் ஆண்டு சேமிப்புக் கணக்கில் நூற்றுக்கு 3 வட்டியில் கிடந்தால் 1,800 ரூபாய் வரும். நூற்றுக்கு 6 தரும் வைப்பு நிதியில் இருந்தால் 3,600 ரூபாய்க்குக் குறையாது. இந்த 1,800 ரூபாய் வித்தியாசம் ஒரு குழந்தையின் பள்ளிப் புத்தகங்களுக்கு ஆகும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ரசீதாகப் போடாதீர்கள். 60,000-ஐ 20,000 வீதம் மூன்று ரசீதுகளாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் முன்கூட்டி முடித்துக்கொள்ளலாம். மற்ற இரண்டின் வட்டி கெடாது.

மாதச் சம்பளக்காரர்க்கு ஏற்றது தொடர் வைப்பு. மாதந்தோறும் ஒரு தொகை சம்பளக் கணக்கிலிருந்து தானே போய்ச் சேருமாறு எழுதிக் கொடுத்துவிடலாம். பொங்கலுக்கு ஊர் போகும் செலவுக்கும், பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்கும் இது கைகொடுக்கும். தீபாவளிக்குச் சம்பள முன்பணம் கேட்டு எழுதும் மனுக்கள் எங்கள் மேஜைக்கு வருவது பாதியாகக் குறையும்.

நடப்புக் கணக்கு வியாபாரிகளுக்கு உரியது, வட்டி கிடையாது. வீட்டுக்கு அது வேண்டியதில்லை.

இருப்பே வைக்க இயலாதவர்க்கு அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. குறைந்தபட்ச இருப்பு வேண்டியதில்லை, அபராதமும் இல்லை. நம் வீடுகளில் பாத்திரம் தேய்க்க வரும் பெண்மணிக்கும் இது கிடைக்கும். 2014 ஆகஸ்டு 28-ஆம் தேதி தொடங்கிய ஜன் தன் திட்டக் கணக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒருவர் ஒரு பாங்கில் இத்தகைய கணக்கு வைத்திருந்தால் அதே பாங்கில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாகாது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். அந்த அம்மாளுக்கு ஒரு நாள் உடன் சென்று உதவுங்கள். அதுவும் சங்கப் பணியே.

சம்பளக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. அதற்கு இருப்பு வரம்பு இல்லை. விபத்துக் காப்பீடு முதலிய சலுகைகளும் பெரும்பாலும் உண்டு. அந்தக் காப்பீடு உண்டென்பது வீட்டார்க்குத் தெரியாவிட்டால் அதனால் என்ன பயன்? என்னென்ன சலுகை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். வேலை மாறிச் சம்பளம் வராமற்போனால், சில மாதங்களில் அது சாதாரணச் சேமிப்புக் கணக்காகிவிடும். இருப்பு குறைந்தால் அபராதமும் விழக்கூடும். தனியார் கம்பெனிகளில் பணிபுரியும் நம் இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பாங்குக்குப் பாங்கு விதி வேறு. ஸ்டேட் பாங்கு 2020 மார்ச்சில் இந்த அபராதத்தையே நீக்கிவிட்டது. எனவே கணக்குத் துவங்கும் முன் கேட்டு அறிவதே முறை.

யார் பெயரில்?

இனி இன்றைய பேச்சின் உயிர்நிலைக்கு வருகிறோம். வட்டியில் கால் சதவீதம் அதிகமா குறைவா என்று பத்து இடத்தில் விசாரிக்கும் நாம், கணக்கு எந்த முறையில் இயங்க வேண்டும் என்று கேட்கும் வரியைப் படிக்காமலே கையெழுத்திடுகிறோம். அந்த ஒரு வரியில்தான் குடும்பத்தின் நிம்மதி அடங்கியிருக்கிறது.

இருவர் பெயரில் கணக்கு வைக்கும்போது பல முறைகள் உண்டு. இருவரும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்பது ஒன்று. இருவரில் எவரேனும், அல்லது உயிருடன் இருப்பவர், என்பது மற்றொன்று. முதலாமவர், அவருக்குப் பின் மற்றவர், என்பது வேறொன்று. கணவன் மனைவிக்கு இரண்டாவது முறையே ஏற்றது. கணவர் வெளியூர்ப் பணியில் இருந்தாலும் மனைவி எடுக்கலாம். ஒருவர் மறைந்தால் மற்றவர் இறப்புச் சான்றைக் காட்டிக் கணக்கைத் தொடரலாம். வாரிசுச் சான்று தேடித் தாலூகா அலுவலகப் படி ஏற வேண்டியதில்லை. வைப்பு நிதிக்கும் இதே முறையை எழுதுங்கள். ஒருவர் மறைந்தபின் மற்றவர் கெடுவுக்கு முன்பே பணத்தை எடுக்க இருவரும் சம்மதித்திருப்பதாகத் துவக்கத்திலேயே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. ஓய்வூதியம் வரும் கணக்கையும் கணவன் மனைவி பெயரில் கூட்டாக வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. குடும்ப ஓய்வூதியம் அதே கணக்குக்கு வரலாம். புதிதாகத் துவங்குமாறு பாங்கு வற்புறுத்தலாகாது என்பது மத்திய அரசாங்கத்தின் அறிவுரை.

அடுத்தது நாமினி. இதற்குப் படிவம் ஒன்று, செலவு ஒன்றுமில்லை. 2025 நவம்பர் முதல் தேதியிலிருந்து ஒரு கணக்குக்கு நால்வர் வரை நாமினியாகக் குறிப்பிடலாம். இன்னாருக்கு இவ்வளவு என்று பங்கிட்டும் எழுதலாம். ஒருவர் இல்லாவிட்டால் அடுத்தவர் என்று வரிசைப்படுத்தியும் எழுதலாம். கூட்டுக் கணக்கிலும் நாமினி வேண்டும்; இருவரும் இல்லாத நிலையில்தான் நாமினிக்கு வேலை. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ள உரியவரே தவிர, சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். வாரிசுகளின் உரிமை அவரவர்க்கு அப்படியே நிற்கும். இதை அறியாமல் அண்ணன் தம்பிகள் மனக்கசப்பு அடைந்ததையும் கண்டிருக்கிறோம்.

திருமணத்துக்கு முன் கணக்குத் துவங்கியவர்களே, உங்கள் நாமினி யார் என்று இன்றே பாருங்கள். மறைந்துபோன தந்தையாரின் பெயர் அங்கே இன்னும் இருக்கக்கூடும்.

இவற்றோடு, மனைவியார்க்கென்று தனியே ஒரு கணக்கும் இருத்தல் நலம். சிறு தொகையாயினும் அவரே போட்டு, அவரே எடுத்துப் பழக வேண்டும். "எனக்கு மராத்தி தெரியாது, ஹிந்தி வராது, நான் போய் என்ன பேசுவேன்?" என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். கையெழுத்தைத் தமிழிலேயே போடலாம். முதலில் பதிவு செய்த கையெழுத்தும் பின்னர்ப் போடுவதும் ஒத்திருந்தால் போதும். காய்கறிக் கடையில் பேரம் பேச ஹிந்தி வருகிறபோது பாங்கில் வராதா? இரண்டு முறை கணவருடன் செல்லுங்கள். மூன்றாம் முறை தனியே செல்லுங்கள். துன்பம் வந்த நாளில் முதன்முதலாக அந்தக் கதவைத் திறப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பாங்கைத் தேர்ந்தெடுக்கும்போதும் இதே நோக்கம் வேண்டும். நகரின் மறுகோடியிலுள்ள அழகிய பாங்கைவிட, அவர் நடந்தே போய்வரக் கூடிய கிளை நல்லது. சொந்த ஊருக்குப் போய்த் தங்க நேர்ந்தால் அங்கேயும் அந்தப் பாங்குக்கோ தபாலாபீஸுக்கோ கிளை இருப்பது அதனினும் நல்லது. மாற்றலாகி வந்தவர்கள் ஆதாரில் ஊர் முகவரி இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். தற்போதைய முகவரியைத் தாமே எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தால் பாங்குகள் ஏற்றுக்கொள்ளலாம் என்று ரிசர்வ் பாங்கின் விதி கூறுகிறது.

கைப்பேசி எண்ணையும் மறவாதீர்கள். பாங்கிலே பதிந்துள்ள எண் இப்போது யார் கையில் இருக்கிறது? ஊரிலுள்ள தாயாரின் கணக்குக்கு மகனுடைய பழைய எண்ணைக் கொடுத்துவிட்டு, அந்த எண் கைமாறிய பின் தவித்தவர் உண்டு. ரகசிய எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பாங்கு அதைக் கேட்பதில்லை. பணம் களவு போனதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் பாங்குக்கும், 1930 என்னும் எண்ணுக்கும் தெரிவியுங்கள். நம்முடைய தவறும் பாங்கினுடைய தவறும் இல்லாத வெளியார் மோசடியாயின், பாங்கிலிருந்து செய்தி வந்த மூன்று வேலை நாட்களுக்குள் அறிவித்தால் நஷ்டம் நம்மைச் சாராது என்பது 2017-ஆம் ஆண்டின் விதி.

மறந்துபோன கணக்குகள்

ரயில்வேக்காரர்களுக்கே உரிய நோய் ஒன்று உண்டு. இடார்சியில் ஒரு கணக்கு, புசாவலில் ஒரு கணக்கு, பல்லார்ஷாவில் ஒரு கணக்கு என்று மாற்றலுக்கு மாற்றல் ஒன்றைத் துவங்கி, அதில் கொஞ்சம் பணத்தை விட்டுவிட்டு வந்துவிடுவது. இரண்டு ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தால் பணம் ரிசர்வ் பாங்கின் நிதிக்குப் போய்விடும். அப்பொழுதும் உரிமை அழியாது. உரியவரோ வாரிசோ அதே பாங்கில் கேட்டுப் பெறலாம். இதைத் தேடுவதற்கென்றே ரிசர்வ் பாங்கு 2023-இல் உத்கம் என்னும் இணையதளத்தைத் துவக்கியது. பெயரும் பிறந்த தேதி முதலிய விவரமும் கொடுத்தால், எந்தப் பாங்கில் கிடக்கிறது என்று காட்டும். நம் பிள்ளைகளைக் கொண்டு தாத்தா, பாட்டி பெயர்களையும் ஒரு முறை தேடச் சொல்லுங்கள்.

இன்றைக்கு ஒரு கிளையில் துவங்கிய கணக்கை எந்தக் கிளையிலிருந்தும் நடத்தலாம். ஊருக்கு ஊர் புதுக் கணக்கு வேண்டியதில்லை. ஒரு குடும்பத்துக்கு இரண்டு பாங்குகள் போதும்: ஒன்றில் சம்பளமும் அன்றாடச் செலவும், மற்றொன்றிலோ தபாலாபீஸிலோ சேமிப்பு. ஒன்றுக்குத் தடை வந்தாலும் மற்றொன்று கஞ்சி வார்க்கும்.

பாங்கு குறையைத் தீர்க்காவிட்டால், முதலில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 30 நாட்களில் தக்க பதில் வராவிடில் ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. வாயால் சண்டையிட்டு வீடு திரும்புவதால் காரியம் ஆகாது.

முடிவாக

அன்பர்களே! இன்றிரவு சாப்பாடு முடிந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள பாஸ் புத்தகங்களையும் ரசீதுகளையும் எடுத்து வையுங்கள். கணவனும் மனைவியும் எதிரெதிரே அமருங்கள். பாங்கின் பெயர், கிளை, கணக்கு எண், யார் பெயரில், எந்த முறையில், நாமினி யார் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழிலே எழுதுங்கள். ரகசிய எண்களை மட்டும் அதில் எழுத வேண்டாம். பிராவிடண்டு பண்டும் காப்பீட்டுப் பத்திரமும் அதே பக்கத்தில் இடம்பெறட்டும். காலியான கட்டம் எங்கே இருக்கிறதோ, திங்கட்கிழமை காலையில் அதை நிரப்பி வாருங்கள்.

சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று சிலர் எண்ணக்கூடும். நாங்கள் அப்படி எண்ணவில்லை. குடை வாங்கியதால் மழை வருவதில்லை.

முதலில் சொன்ன அந்த அம்மையார் இன்று ரயில்வேயிலேயே கருணை அடிப்படையில் பணி பெற்று, எங்களுக்கு இரண்டு மேஜை தள்ளி அமர்ந்திருக்கிறார். புதிதாகச் சேருவோர் சம்பளக் கணக்குப் படிவத்தை அவரிடந்தான் கொடுக்க வேண்டும். நாமினி கட்டத்தைக் காலியாக விட்டுக் கொடுத்தால் அவர் வாங்குவதில்லை. "இதை நிரப்பிக் கொண்டுவாருங்கள், தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். ஏன் என்று கேட்பவர்க்கு அவர் காரணம் சொல்வதில்லை. எங்களுக்குத் தெரியும், இப்போது உங்களுக்கும் தெரியும்.